ஒரு குழி தள்ளி

எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் ரீகனின் சிலுவைக்கு ஏறிய சுண்ணாம்பு வேறு எந்தச் சிலுவைக்கும் ஏறியதில்லை. அவன் அம்மா ஞானசவுந்தரி வருடம் தவறாமல் வந்து பூசினாள். அதற்குக் கீழே ரீகன் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் யாரைத் திட்டுவது என்று உங்களுக்கும் தெரியும்.

திருப்பூர் இவ்வளவு பெரிதாவதற்கு முன்னால், பஞ்சு மில்லுக்கும் ரயிலடிக்கும் வேலைக்கு வந்த கொஞ்சம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக ஒரு கவுண்டர் ஓடைக்கரையில் எழுதிக் கொடுத்த நிலம் அது. சோளம்கூட முளைக்காத களர். பிணத்துக்கு இது போதும் என்று நினைத்திருப்பார், தப்பில்லை. அந்தக் காலத்தில் செத்தவர்கள் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்தார்கள். பிறகு பனியன் கம்பெனிகள் வந்தன. தெற்கிலிருந்து ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. உயிரோடு இருக்கிறவர்களுக்கே லைன் வீட்டில் இடமில்லாதபோது செத்தவர்களுக்கு எங்கே போவது? கவுண்டரின் பேரன் மகுடேஸ்வரன் சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். இன்னும் கொஞ்சம் இடம் கேட்டுப் போன பங்குச் சாமியாருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, "எங்க அப்பாரு குடுத்ததே நெம்பங்க சாமி. மிச்சத்துல நாங்க பொழைக்கோணுமுங்களே" என்று தாத்தாவைச் சொல்லிக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு மறுபடி போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

ஞானசவுந்தரி வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. ஓவர்லாக் டெய்லர். புருஷன் வியாகப்பன் அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், வாயில்லாத மனுஷன். அவனுக்கும் சேர்த்து அவள் பேசுவாள். ஒரே பிள்ளை ரீகன். பத்தொன்பது வயதில் பைக்கை எடுத்துக்கொண்டு தாராபுரம் ரோட்டில் போனவன், அவிநாசிபாளையம் தாண்டி லாரிக்கு அடியில் போய்விட்டான்.

அவனுக்குப் பந்து விளையாட்டுப் பைத்தியம். சாவதற்கு முந்தின வருடம், வெளிநாட்டு ஆர்டர் ஒன்றின் வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி வந்து அம்மா அவனுக்கு ஒரு ஜெர்ஸி தைத்துக் கொடுத்தாள். ஒரே நிறத்தில் துணி தேறவில்லை. உடம்பு நீலம், இடது கை பச்சை, வலது கை மஞ்சள். நண்பர்கள் கிளி என்று கேலி செய்தார்கள், ஆனாலும் அதையே மாட்டிக்கொண்டு திரிந்தான். பிணத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டபோது அதற்கு உள்ளே இந்த ஜெர்ஸியையும் அவளே போட்டுவிட்டாள். வெள்ளைச் சட்டை பருத்தி, ஜெர்ஸி பாலியஸ்டர். பருத்தி மண்ணில் மக்கும், பாலியஸ்டர் மக்காது என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு அவள் அதை நினைக்கும் நிலையில் இல்லை.

அடக்கம் முடிந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: "இனி எனக்கு ஒண்ணுதான் வேணும். எம் புள்ளைய யாரும் தோண்டப்படாது. அவங்கப்பாவும் நானும் அவன் பக்கத்துலயே படுத்துக்கிடணும்." பெற்றவள் கேட்கிற சின்ன ஆசை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வருடம் ஆயர், அதாவது பிஷப், வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. கல்லறைக் கமிட்டித் தலைவர் இன்னாசி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். பிறந்து வளர்ந்தது இங்கேயே என்பதால் பேச்சில் 'ங்க' ஒழுகும். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. தையல் ஒரு நூல் விலகினாலும் பீஸைத் தூக்கி எறிகிறவர். எங்கள் கல்லறையோ முழுக்கக் கோணல். மண் மேடுகள் ஒன்று இப்படி, ஒன்று அப்படி. மரச் சிலுவைகள் குடிகாரர்களைப் போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. இதை ஆயர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று இன்னாசிக்குத் தூக்கம் போய்விட்டது.

இளைஞர் இயக்கத்தைக் கூட்டினார். மேடுகளை வெட்டிச் சமமாக்கினார்கள். மரச் சிலுவைகளை வரிசை மாறாமல் பிடுங்கி அடுக்கினார்கள். ஒரே அச்சில் வார்த்த சிமெண்டுச் சிலுவைகள் வந்து இறங்கின. இன்னாசி கயிறு கட்டி, சட்டைப் பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்துச் சம இடைவெளிக்குப் புள்ளி வைத்தார். ஆயர் நடந்து வரப் பாதை வேண்டுமே? அதற்காகக் கிழக்கு வரிசையின் முதல் குழி பாதைக்கு அடியில் போனது. கயிறு இரண்டாம் குழியிலிருந்து தொடங்கியது. அதனால் அந்த வரிசையில் ஒவ்வொரு சிலுவையும் தன் ஆளை விட்டு அடுத்த ஆளின் தலைமாட்டுக்குப் போய்விட்டது.

"சார், ஒரு குழி தள்ளி நிக்குதே" என்று வெல்டிங் வேலை செய்யும் ஜெரோம் கேட்டான்.

"செத்தவங்க எந்திரிச்சு வந்து கேக்கப் போறாங்களா? அட, வரிசையப் பாருங்க தம்பி, எப்புடி நிக்குதுன்னு!" என்றார் இன்னாசி.

உண்மையிலேயே அழகாகத்தான் நின்றது. ஆயர் பாராட்டினார். ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்த சவுந்தரி திரும்பி வந்து பார்த்து, "இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கு" என்று இன்னாசியைக் கும்பிட்டாள். மகன் பெயர் எழுதிய சிலுவையைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அந்தக் கிழக்கு வரிசையில் அடுத்தடுத்து மூன்று பேர் கிடந்தார்கள். முதலில், கம்பெனி ஹாஸ்டலில் காய்ச்சலில் செத்துப்போன ஒரு ஜார்க்கண்ட் பெண். அவள் மரச் சிலுவையில் இந்தியில் எழுதியிருந்ததைப் படிக்க ஆளில்லாததால் புதுச் சிலுவையைப் பெயரில்லாமலே நட்டுவிட்டார்கள். அடுத்து ரீகன். அதற்கு அடுத்து தொம்மைக் கிழவர். எல்லாம் ஒரு குழி தள்ளியதில், பெயரில்லாத சிலுவை ரீகன் தலையில் வந்து நின்றது. ரீகன் பெயர் தொம்மை தலையில் போய் நின்றது.

தொம்மை யார் தெரியுமா? முன்வரிசையில் ஒரு வெள்ளிப் பல் கட்டியிருந்தவர், குடித்துவிட்டு சவுந்தரியின் வாசலில் விழுந்து கிடந்தவர். ஒருநாள் அவள் பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்படியே அவர் தலையில் கொட்டியிருக்கிறாள். அதே தொம்மைக்கு அதன் பிறகு வருடா வருடம் சுண்ணாம்பு, சாமந்தி மாலை, மெழுகுத்திரி, "எம் ராசா" என்று முத்தம். கிழவர் வாழ்நாளில் அப்படியொரு கவனிப்பைக் கண்டதில்லை.

அவள் சுத்தக்காரி. மகன் கல்லறையில் ஒரு புல் இருக்க விடமாட்டாள். பிடுங்கிய களையை எங்கே போடுவது? பக்கத்தில் கேட்க நாதியில்லாத, பெயரில்லாத சிலுவை இருந்தது. களை, காய்ந்த மாலை, உருகிய மெழுகு, சுண்ணாம்பு வாளி கழுவிய தண்ணீர் எல்லாம் அங்கே போனது. ஹாஸ்டல் பெண்கள் முதல் வருடம் மட்டும் வந்து, அவர்கள் பாஷையில் ஏதோ பாடிவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதன்பின் அது சவுந்தரியின் குப்பைமேடு ஆனது. "இந்திக்காரிதான கெடக்கா" என்பாள்.

போன வருடம் இடம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. கூட்டம் போட்டார்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து யாரும் சுண்ணாம்பு பூசாத குழியைத் தோண்டலாம் என்று முடிவானது. சொந்தக்காரர்களின் குழி என்றால் பழைய எலும்பைத் தலைமாட்டில் வைத்து மூடிக்கொள்வது வழக்கம். அனாதைக் குழிக்கும் அப்படியே செய்யலாமே என்று மடத்துச் சிஸ்டர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

சவுந்தரி எழுந்தாள். "அதெப்படி சிஸ்டர்? எம் மவன் பக்கத்துக் குழி எங்க குடும்பத்துக்குத்தான் வேணும். அதுல கண்டவ எலும்பும் கெடக்கப்படாது. அள்ளி மூலைக் குழியில போடணும். அவ ஊர்ல இல்லாத எடமா?"

மூலைக் குழி என்பது சுவர் ஓரத்தில், பழைய எலும்புகளை மொத்தமாகப் போட்டு மூடும் பள்ளம். அங்கே போனால் யார் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இன்னாசி அவசரமாக எழுந்தார். "ஏனுங்க்கா, அந்த எடம் ஈரமுங்க. வேற நல்ல எடமாப் பாத்துத் தாறனுங்களே" என்றார். உண்மையைச் சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம், அவர் ஈரத்தைப் பற்றிப் பேசினார். சொன்னால் வரிசை முழுவதும் கிளம்பும், ஆயர் பாராட்டு என்னாவது?

"ஈரமா? உங்கம்மைக்குப் புடிச்சு வைக்கப் பாக்கியளா?" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். கூட்டம் சிரித்தது. இன்னாசி உட்கார்ந்துவிட்டார். அனாதைக் குழி எலும்பு மூலைக் குழிக்கே என்று முடிவானது. அவள் ஜெயித்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ சொன்னாள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வியாகப்பன் அயர்ன் மேஜையிலேயே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் குழி வெட்ட கன்னையன் வந்தான். வெட்டும் இடத்துக்குச் சொந்தக்காரர்கள் வருவது வழக்கமில்லை. அதிலும் பெண்கள் வரவே மாட்டார்கள். சவுந்தரி வந்தாள். புருஷன் ஐஸ் பெட்டியில் கிடக்க, அவள் கல்லறையில் கல்லாட்டம் நின்றாள். இன்னாசி இடத்தை மாற்றிவிடுவார் என்று அவளுக்குச் சந்தேகம்.

"அந்தா, அதுதான். பேரில்லாதது. வெட்டு."

"அம்மிணி, நீங்க ஊட்டுக்குப் போங்க. இதெல்லாம் பாக்கப்படாதுங்க" என்றான் கன்னையன்.

"நீ வெட்டு, நான் பாத்துக்கிடுதேன்."

அவள் கொட்டி வைத்த களையையும் மெழுகையும் முதலில் வழித்துத் தள்ளினான். பிறகு கடப்பாரை. மண் ஈரமாக, சாயத் தண்ணீர் நாற்றத்தோடு வந்தது. இடுப்பளவு இறங்கியதும் கடப்பாரை எதிலோ பட்டு நொறுங்கும் சத்தம் கேட்டது. கன்னையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"மண்டை ஓடாட்டம் இருக்குதுங்க" என்றான்.

"ஆமா, அவளுக்கு நோவுதாக்கும். வெட்டு."

மண்வெட்டியில் துணி சிக்கியது. "துணி இருக்குதுங்க, கிழியாம வருது" என்றான்.

"அவ சுடிதாரா இருக்கும். தூக்கி மேல எறி."

அவன் எறிந்தான். அவள் காலடியில் வந்து விழுந்தது. சேறு அப்பிய துணி. அவள் செருப்புக் காலால் அதைத் தள்ளினாள். சேறு நழுவியது. நீலம் தெரிந்தது. இன்னொரு தள்ளில் பச்சை.

அவள் குனிந்தாள். மஞ்சள் எங்கே என்று விரலால் சேற்றை வழித்துத் தேடினாள். அது இருந்தது. தோள்பட்டையில் நூல் அறுந்து அவள் இரண்டாம் முறை ஓட்டிய தையலும் அப்படியே இருந்தது. எழுதியிருந்தால்கூட அழிந்திருக்கும். அவள் கை போட்ட தையல் அழியவில்லை.

 அவளிடமிருந்து வந்த சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் மெஷின்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கால் மணி நேரத்தில் பங்கு ஜனம் முழுவதும் அங்கே இருந்தது. இன்னாசி வந்தார், ஒரு பார்வை பார்த்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இது எம் புள்ள சட்ட. நான் தச்சது. என் புள்ள இங்கன கெடக்கான். பேரு எதுக்கு அங்கன இருக்கு? சொல்லுங்க சார், எதுக்கு அங்கன இருக்கு?"

"ஏனுங்க்கா, ஆயிரக்கணக்குல பீஸ் போற ஊரு இது. ஒரு சட்டைய வெச்சு என்னத்தங்க சொல்றது? உங்க பையன் பக்கத்துலதான் இருக்கறானுங்க. சிலுவைல பேரு இருக்குதுங்களே" என்றார் இன்னாசி. குரலில் ஒரு சுருக்கம் கிடையாது. அவர் தேய்த்து மடித்த ஆள்.

"பச்சக் கை ஒண்ணு, மஞ்சக் கை ஒண்ணு எந்த எக்ஸ்போர்ட்ல சார் போச்சு? அப்ப அதையும் தோண்டுங்க! பேரு இருக்குல்லா, தோண்டிப் பாருங்க!"

அந்த வார்த்தையில்தான் வினை வந்தது. அந்தச் சிலுவையில் ரீகன் இல்லையென்றால் யார்? அடுத்ததில் யார்? வரிசையில் ஆள் புதைத்திருந்த அத்தனை குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. தொம்மையின் மகள் பனிமயம் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப எங்கப்பா எங்க? இத்தன வருசம் நாங்க யாருக்குத் திரி கொளுத்துனோம்?"

ஜெரோம் அங்கேதான் நின்றான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னாசி அவனைத் திரும்பிப் பார்த்தார். ஜெரோம் தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் அவங்கவங்க எடத்துலதான் இருக்கறாங்க. அக்காவுக்கு வீட்டுக்காரர் போன துக்கம், மனசு ஒரு நெலையில இல்லீங்க" என்றார் இன்னாசி.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. நம்புவதற்கு எவ்வளவு வசதியான விஷயம்! சவுந்தரி சொல்வது உண்மையென்றால் ஒரு வரிசையே இத்தனை வருடம் அடுத்தவன் அப்பனுக்கு அழுதிருக்கிறது. அவள் சொல்வது பொய் என்றால் நஷ்டம் அவள் ஒருத்திக்கு மட்டும். எங்கள் ஆட்களுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "துக்கத்துல பேசுது", "பாவம்", "அது அந்த இந்திக்காரப் புள்ளதான்" என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவள் இறங்கி வந்தாள். அப்படி இறங்கி அவளை நாங்கள் பார்த்ததில்லை. "சரி, நான் ஒண்ணும் சொல்லல. எதையும் தோண்ட வேண்டாம். இந்த எலும்ப மட்டும் இதே குழியில அவங்கப்பா தலமாட்டுல வச்சு மூடிருங்க. வேற ஒண்ணும் கேக்கல. யாரா இருந்தாலும் இருந்துட்டுப் போட்டும்."

செய்திருக்கலாம். ஒரு கூடை எலும்பு. யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

பனிமயம்தான் மறித்தாள். "அதெப்படி? இங்க வச்சா அது ரீகன்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அப்புறம் நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து எங்கப்பன எடு, எங்கம்மைய எடுன்னு நிப்பாவ. அனாதக் குழி எலும்பு மூலைக் குழிக்கு. நீதானக்கா கூட்டத்துல எந்திச்சு நின்னு சொன்ன?"

சவுந்தரி பங்குச் சாமியாரைப் பார்த்தாள். வந்து மாதம் ஆகாத இளம் சாமியார். "நான் புதுசும்மா. கமிட்டி சொல்றபடி செய்யட்டும்" என்றார். மடத்துச் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். 

கன்னையன் எலும்புகளைப் பொறுக்கி வைத்தான். அள்ளிப் போக மூட்டைத் துணி எதுவும் இல்லை. "சட்டையிலேயே கட்டிருப்பா, உடம்பு எறங்க நேரமாச்சு" என்றார் இன்னாசி. கன்னையன் ஜெர்ஸியை விரித்து எல்லாவற்றையும் உள்ளே போட்டான். பச்சைக் கையையும் மஞ்சள் கையையும் இழுத்து முடிச்சுப் போட்டான். சவுந்தரி பாய்ந்தாள். பனிமயமும் இன்னும் இரண்டு பெண்களும் அவளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அழுதிரு, அழுதிரு, நல்லா அழுதிரு" என்று முதுகைத் தடவினார்கள். மூட்டை கனமாக இருந்தும் ஒரு தையல் விடவில்லை. அவ்வளவு உறுதியாகத் தைத்திருந்தாள்.

மாலையில் வியாகப்பனை இறக்கினார்கள். மகன் கிடந்த குழியில், மகன் இல்லாமல், தொம்மைக் கிழவரின் பக்கத்தில். வாயில்லாத மனுஷன், ஏன் என்று கேட்க மாட்டான்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அவள் சுண்ணாம்பு வாளியோடு வந்தாள். புருஷன் சிலுவைக்குப் பூசினாள். பக்கத்தில் ரீகன் என்று எழுதிய சிலுவையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருடம் யாரும் பூசாவிட்டால் அதைத் தோண்டியாக வேண்டும். தோண்டினால் தொம்மையின் வெள்ளிப் பல் வெளியே வரும். அவள் ஜெயித்த அதே கூட்டத்தில் போட்ட சட்டம், அதை வைத்தே உண்மையைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். பெற்ற பிள்ளையை மீட்க அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

இன்னாசிக்கும் புரிந்துவிட்டது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே ஒரு வாளியோடு வந்தார். ரீகன் பெயர் போட்ட சிலுவைக்கு மூன்று பூச்சு பூசி, பூ வைத்து, திரி கொளுத்தினார். "பாவமுங்க, அந்தக்காவுக்குப் பெத்த பையனையே அடையாளம் தெரியாமப் போச்சு. இனி வருசா வருசம் நானே பாத்துக்கறனுங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சாமியார் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். பனிமயம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சவுந்தரி எழுந்து சுவர் ஓரத்துக்குப் போனாள். மூலைக் குழிக்குச் சிலுவை கிடையாது, பெயர் கிடையாது. கரையில் உட்கார்ந்து ஒரு மெழுகுத்திரியை ஏற்றி, காற்றுக்குக் கையை மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

வரிசைகளைச் சுத்தம் பண்ணிய பெண்கள் பிடுங்கிய களையையும் காய்ந்த மாலைகளையும் கூடை கூடையாகக் கொண்டு வந்தார்கள். கொட்ட அந்தப் பள்ளத்தை விட்டால் வேறு இடமில்லை. முதல் கூடையோடு வந்த பனிமயம் அவளைப் பார்த்து நின்றாள்.

"யக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ. மேல விழுந்துரப் போவுது."

சவுந்தரி திரியை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.